ஆளுக்கொரு டம்ளர்

பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டுவார்களா மாட்டார்களா? நீங்களே சொல்லுங்கள். மதுரைப் பக்கம் எந்த வீட்டுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து ஒரு கரண்டியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், யாராவது ஒருவருடைய பேர் இருக்கும். இல்லையென்றால் நெடுமடைப்பட்டி ஊராட்சி மன்றத் தலைவர் பதவியை நான் நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். அப்படியிருக்க, நான் பேர் வெட்டியதை மட்டும் ஏதோ ஊர் சொத்தைக் கொள்ளையடித்த மாதிரி ஆளாளுக்குப் பேசினார்கள். வயிற்றெரிச்சல்காரர்கள் பேசத்தான் செய்வார்கள்.

எல்லாம் மதுரையில் எங்களைப் போன்ற தலைவர்களுக்கு நடத்திய பயிற்சி முகாமில் ஆரம்பித்தது. காலநிலை மாற்றத்தில் உள்ளாட்சிகளின் பங்கு என்று வாசலில் எழுதியிருந்தார்கள். உள்ளே ஏசி போட்டதில் குளிர் தாங்காமல் நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கால் பூமி எப்படிச் சூடாகிறது என்று பாடம் எடுத்தார்கள். நக்கலாகச் சொல்லவில்லை, பாடம் நன்றாகத்தான் இருந்தது. டெல்லியும் சென்னையும் செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஒவ்வொரு ஊராட்சியும் தன்னால் முடிந்த ஒரே ஒரு காரியத்தை எடுத்து ஒழுங்காகச் செய்தால் போதும் என்றார் அந்த அதிகாரி. பக்கத்து ஊராட்சித் தலைவர் உடனே எழுந்து மரம் நடுகிறேன் என்றார். அவர் வருடா வருடம் அதே குழியில்தான் நடுகிறார், அது எனக்குத் தெரியும்.

எனக்கு எங்கள் கண்மாய் மடை ஞாபகத்துக்கு வந்தது. போன மழைக்குக் கண்மாய் நிறைந்து கிடந்தும், மடையைத் திறந்தால் தண்ணீர் போகவில்லை. கடைமடைக் காடெல்லாம் வாடுகிறது, இங்கே கண்மாய் தளும்பிக்கொண்டு நிற்கிறது. கடைசியில் ஆள் முங்கிப் பார்த்தால், உள்ளே பூராவும் பிளாஸ்டிக் வாழை இலையும் கப்பும். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் கண்மாய்க் கரையில்தான் இருக்கிறது. விருந்து முடிந்ததும் பாதியை எரிப்பார்கள், மீதியைக் காற்று கொண்டுபோய்க் கண்மாயில் சேர்க்கும். வாழை விளைகிற ஊரில் பிளாஸ்டிக்கில் வாழை இலை செய்து அதில் சோறு தின்கிற கூத்தை வேறு எங்கே பார்ப்பீர்கள்?

ஆகவே கிராம சபையைக் கூட்டித் தீர்மானம் போட்டேன். இனி எந்த விசேஷத்திலும் பிளாஸ்டிக் கிடையாது. தட்டும் டம்ளரும் ஊராட்சியே வாங்கி இலவசமாகக் கொடுக்கும். மீறினால் யாராக இருந்தாலும் அபராதம். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவன் மட்டும் தட்டவில்லை. எழுந்து நின்று, ஊராட்சிச் செயலர் ராம்கியைப் பார்த்துக் கேட்டான்.

"ராம்கி, யாரா இருந்தாலும்னா யாரு? தலைவர்ட்டக் கேட்டுச் சொல்லு."

தலைவர் அவனுக்கு நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவன் என் கூடப்பிறந்த அண்ணன், உக்கிரபாண்டி.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. எங்கள் ஊர்த் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியதும், அவன் தன் பெண்டாட்டியை, என் மதினி தங்கப்பொண்ணை நிறுத்திவிட்டுத் தானே நாற்காலியில் உட்காரலாம் என்று கணக்குப் போட்டான். மதினிக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வேலை இருந்திருக்காது. நானும் போய் வேட்புமனு கொடுத்தேன். ஏன் கொடுக்கக் கூடாது? ஜெயித்தும் விட்டேன். அன்றிலிருந்து எதிரே வந்தால் அவன் வேப்பமரத்தைப் பார்ப்பான், நான் மின்கம்பத்தைப் பார்ப்பேன். எனக்கு அவன் ஒரே அண்ணன், அவனுக்கு நான் ஒரே தங்கச்சி. அப்பா போனபிறகு என்னைக் கட்டிக்கொடுத்தது அவன்தான்.

சரி, பாத்திரத்துக்கு வருவோம். மதுரை சிம்மக்கல்லில் அப்துல் அலீம் பாய் கடையில் தட்டும் டம்ளருமாக ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்கு எடுத்தேன். பாய் வழக்கம்போல, என்ன பேர் வெட்டணும் தலைவரம்மா என்று கேட்டார். நானும் வழக்கம்போல என் பேரைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ராம்கி, ஊராட்சி என்று மட்டும் வெட்டினால் போதுமே அக்கா என்று முனகினான். மழையிலும் வெயிலிலும் அலைந்து திட்டத்தைக் கொண்டுவந்தவள் நான், ஊராட்சி என்பது யார், அது மனுஷியா என்று கேட்டேன். விளிம்பில் வெட்டினால்தான் லட்சணமாக இருக்கும் என்றார் பாய். விளிம்பு தேய்ந்துவிடும், தட்டுக்கு நட்டநடுவில் பெரிதாக வெட்டுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, உங்க இஷ்டம்மா, நல்லபடியா புழங்கட்டும், இன்ஷா அல்லாஹ் என்று மிஷினை எடுத்தார்.

முதல் விருந்து ஒரு காதுகுத்து. நல்ல கறிச்சோறு. நான் பெருமையாகப் பந்தியைச் சுற்றி வந்தேன். பிளாஸ்டிக் ஒரு துண்டு கிடையாது. மனதுக்குள் அந்தப் பயிற்சி முகாம் அதிகாரிக்கு ஒரு வணக்கம் கூடப் போட்டேன். ஆனால் பந்தி எழுந்ததும் ராம்கி வந்து காதைக் கடித்தான். வந்து பாருங்கள் என்றான். அண்ணன் பக்கத்து ஆட்கள் சாப்பிட்ட தட்டுகளில் எல்லாம் நட்டநடுவில் ஒரு கை சோறு அப்படியே இருந்தது.

முதலில் புரியவில்லை. ராம்கிதான் விளக்கினான். சோறு குறையக் குறைய என் பேர் வெளியே வருகிறதாம். முதலில் தலைவர் என்று வருமாம், அப்புறம் தாமரைச்செல்வி என்று வருமாம். கடைசி வாய்ச் சோற்றுக்கு நான் தட்டுக்குள் நின்று ஓட்டுக் கேட்கிற மாதிரி இருக்கிறதாம். எனக்கு ஓட்டுப் போடாதவர்கள் அந்தக் கட்டத்துக்கு வருமுன்பே கையைக் கழுவிவிடுகிறார்கள். என் பேரைச் சோற்றைப் போட்டு மூடிவிட்டுப் போகிறார்கள்! முன்பு கண்மாய்க்குப் பிளாஸ்டிக் போனது, இப்போது குப்பைக்குச் சோறு போகிறது. எல்லாத் தட்டையும் பாய் கடைக்கு அனுப்பிப் பேரைத் தேய்த்து அழித்துவிடலாம் என்றான் ராம்கி. நான் உயிரோடு இருக்கும்போதே என் பேரை அழிக்கச் சொல்கிறாயா என்று கத்திய கத்தலில் அவன் ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டான்.

இந்த நேரத்தில்தான் அண்ணன் மகள் கனகலட்சுமிக்குக் கல்யாணம் முடிவானது. திருமங்கலத்து மாப்பிள்ளை. நிச்சயத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. டீக்கடையில் அண்ணன் சொன்னதை என் வீட்டுக்காரர் முத்திருளன் கேட்டு வந்து சொன்னார். அவர் எதையும் கூட்டிக் குறைக்காமல் சொல்கிற மனிதர், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

"அவ பேரு வெட்டுன தட்டுல என் வீட்டுப் பந்தி நடக்காதுன்டாரு. அம்புட்டுதான் சொன்னாரு."

அவன் ஊராட்சிப் பாத்திரத்தைத் தொடமாட்டான். அப்படியென்றால் லாரியில் கப்பும் இலையும் இறங்கும். இறங்கினால் தலைவர் என்ற முறையில் நான் மண்டபத்துக்குப் போய் அபராதம் போட வேண்டும், அதுவும் புதுச் சம்பந்திகள் பார்த்துக்கொண்டிருக்க. நான் தூக்கி வளர்த்த பிள்ளையின் கல்யாணத்தில் அதைச் செய்தால் ஆயுசுக்கும் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. செய்யாமல் விட்டால், பார்த்தாயா, அண்ணன் என்றதும் சட்டம் சுருண்டுகொண்டது என்று ஊர் சிரிக்கும். அடுத்த முகூர்த்தத்திலிருந்து எல்லோரும் பழையபடி பிளாஸ்டிக்கை விரிப்பார்கள், மடை பழையபடி அடைக்கும். அண்ணனா, கண்மாயா? எனக்கு ரெண்டும் வேண்டும்.

ஒரு நாள் ஊராட்சி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு உறை வந்தது. மேலே, உயர்திரு தலைவர் அவர்கள், ஊராட்சி மன்ற அலுவலகம் என்று எழுதியிருந்தது. பிரித்தால் கனகலட்சுமியின் கல்யாணப் பத்திரிகை.

எங்கள் பக்கத்தில் ரத்த சொந்தத்துக்குப் பத்திரிகை எப்படி வைப்பார்கள்? அண்ணனும் மதினியும் வீட்டுக்கு வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்துக் கையில் கொடுக்க வேண்டும். இவன் தபாலில் அனுப்பியிருக்கிறான், அதுவும் கையெழுத்து வாங்குகிற தபாலில். வரவில்லை என்று நாளைக்கு நான் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். தங்கச்சியைக் கூப்பிடவில்லை, அலுவலகத்தைக் கூப்பிட்டிருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் உறையைக் கிழித்துப் போட்டேன். பத்திரிகையைக் கிழிக்க மனம் வரவில்லை, பிள்ளையின் பேர் இருந்தது.

ராம்கிதான் பத்திரிகையின் அடியில் இருந்ததைப் படித்தான். கெட்டி எழுத்தில் அச்சடித்திருந்தது. விருந்து அசல் வாழை இலையில் பரிமாறப்படும், வருகிறவர்கள் ஆளுக்கொரு டம்ளர் வீட்டிலிருந்து கொண்டுவரவும், ஊராட்சிப் பாத்திரங்களுக்கு அனுமதி இல்லை.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாவி, சட்டத்தை மீறாமலேயே என்னை மீறிவிட்டான்! அபராதம் போட ஒரு பொட்டு இடம் வைக்கவில்லை. கப் வேண்டாம், லாரி வேண்டாம், என் பாத்திரமும் வேண்டாம். யோசித்தால் என் திட்டத்தைவிட இவன் வீம்பு நல்ல திட்டமாக இருந்தது. அதை நினைத்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. மடை தப்பித்தது, ஆனால் அண்ணன்?

போகவா வேண்டாமா என்று முத்திருளனைக் கேட்டேன். தலைவரைத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள், தலைவர் போய்விட்டு வரட்டும் என்றார். இந்த மனிதரோடு எப்படித்தான் இத்தனை காலம் ஓட்டினேனோ.

கல்யாணத்தன்று காலையில் பட்டுச்சேலை கட்டி முடித்து, டம்ளர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். கைக்கு வந்ததை எடுத்துப் பைக்குள் போடும்போது ஒரு சந்தேகம் வந்து திருப்பிப் பார்த்தேன். ந. உக்கிரபாண்டி என்று வெட்டியிருந்தது. அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தேன். அதிலும் ந. உக்கிரபாண்டி. சொம்பில் அவன், தூக்குவாளியில் அவன், குழம்புச் சட்டியில் அவன். பரணில் கிடந்த அண்டாவைக்கூட இறக்கிப் பார்த்தேன், அதில் கொட்டை எழுத்தில் அவன்.

பின்னே? என் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்தது யார்? டிராக்டர் நிறையப் பாத்திரத்தை ஏற்றி, கொட்டுமேளத்தோடு அவன்தான் ஊர்வலமாக வந்தான். சீர் கொடுத்தவர் பேரைத்தான் பாத்திரத்தில் வெட்டுவார்கள். ஆனால் புழங்குகிற பாத்திரத்தில் இருக்கிற பேரை எவள் உட்கார்ந்து வாசிப்பாள்? இவனோடு பேச்சு இல்லை, பந்தம் இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு, மூன்று வேளையும் இவன் பேரில்தான் ஆக்கித் தின்றிருக்கிறேன். அடுப்படித் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

வேறு டம்ளருக்கு வழி இல்லாமல் இல்லை. ஊராட்சிக் கிட்டங்கியில் என் பேர் போட்டது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதை எடுத்துப்போய் அவன் பந்தியில் வைத்தால் அங்கேயே அடிதடி நடக்கும். முத்திருளன் வாசலில் நின்றுகொண்டு, போகிற வழியில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றார். பேர் வெட்டாமலா என்று சீறினேன். கடைசியில் அவன் பேர் போட்டதையே எடுத்தேன். பேர் உள்ளங்கைப் பக்கம் வரும்படி பிடித்துக்கொண்டேன். எவன் கண்ணிலும் பட வேண்டாம்.

மண்டப வாசலில் அண்ணன் வெள்ளை வேட்டியில் நின்றான். என்னைப் பார்த்ததும் ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பினான்.

"வாங்க தலைவர். வணக்கம்."

ஒரு பொன்னாடையை எடுத்து என் தோளில் போர்த்தினான், எம்எல்ஏவுக்குப் போர்த்துவதுபோல. பின்னால் நின்ற மதினி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. முன்வரிசையில் வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். மேடையில் கனகலட்சுமிக்குத் தாலி ஏறும்போது, அத்தை நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒன்றுவிட்ட சொந்தம் நின்றது. நான் தலைவராக உட்கார்ந்து அட்சதை போட்டேன்.

முதல் பந்தியும் அந்த வட்டார அதிகாரியோடுதான். ஊர் ஜனம் பையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் டம்ளரை எடுத்து இலைக்குப் பக்கத்தில் டங் டங்கென்று வைத்தது. பாவம் அதிகாரி, வெறுங்கையோடு வந்திருந்தார். தண்ணீர் ஊற்றுகிறவன், பத்திரிகையில் போட்டிருக்கிறது சார், டம்ளர் இல்லாமல் ஊற்ற முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டான். ராம்கி தன்னுடையதைக் கொடுத்துவிட்டு விக்கிக்கொண்டே சாப்பிட்டான். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். ஒரு பேப்பர் கப்கூட இல்லையே, பிரமாதமான திட்டம்மா, உங்கள் ஊராட்சியைப் பார்த்து மாவட்டமே கற்றுக்கொள்ள வேண்டும் என்று என்னைப் புகழ்ந்தார். அண்ணன் அப்போது எங்கள் பின்னால்தான் நின்றிருந்தான். சும்மா தலையை ஆட்டியிருக்கலாம். முடியவில்லை.

"என் திட்டம் இல்ல சார். பொண்ணோட அப்பா திட்டம். எனக்கு இம்புட்டு மூளை கிடையாது."

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் சாம்பார் வாளிக்காரனை விரட்டிக்கொண்டு போய்விட்டான்.

கூத்து அதற்குப் பிறகுதான். எங்கள் ஜனம் காலம் காலமாக விருந்தில் எப்படிச் சாப்பிடும்? பாயசத்தைக் குடிக்கும், கப்பை அங்கேயே வைக்கும், இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விடும். அன்றைக்கும் அப்படியே செய்தது. சொந்த டம்ளர் என்பது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. நானும் அப்படித்தான் வைத்துவிட்டு வந்தேன். இலை எடுத்த பெண்கள் அம்புட்டு டம்ளரையும் அண்டாவில் போட்டுக் கழுவி, மேடைக்குப் பக்கத்தில் அம்பாரமாகக் குவித்துவிட்டார்கள். ஊரே குவியலைச் சுற்றி நின்று என்னுது உன்னுது என்று பிடுங்க ஆரம்பித்தது. ரேடியோ செட்டுக்கார விருமாண்டி பாட்டை நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்தார். ஒவ்வொன்றாகப் பேர் படிக்கிறேன், அவரவர் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

ஒரு பேர் படித்தால் ரெண்டு வீட்டுக்காரர்கள் வந்தார்கள், கொடுத்தவன் பேரா கொண்டவன் பேரா என்று சண்டை. என்றைக்கோ இரவல் போய்த் திரும்பாத டம்ளரெல்லாம் மைக்கில் பிடிபட்டது. ஒரு டம்ளரில் ஏதோ கோயில் அன்னதானக் கூடம் என்று வெட்டியிருந்தது, அதை வாங்க ஆளே வரவில்லை. சம்பந்தி வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடையது அந்தக் குவியலில் எங்கேயோ கிடந்தது. கழன்றுவிடலாம் என்று முத்திருளனுக்குச் சைகை காட்டினேன். அவர் மும்முரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ந. உக்கிரபாண்டி. அட, பொண்ணோட அப்பா! அண்ணே, வந்து உங்க டம்ளரை வாங்கிக்கங்க."

கூட்டம் ஹோவென்று சத்தம் போட்டது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு போனான். நான் எனக்கென்ன வந்தது என்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அவன் டம்ளரை வாங்கித் திருப்பிப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். அவன் வீட்டுப் பாத்திரத்தில் மதினி வீட்டார் பேர்தானே இருக்கும்? அவன் பேர் போட்ட பாத்திரம் அவன் சீர் கொடுத்த வீட்டில்தானே இருக்கும்? அவனுக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான். அது அவனுக்கு உறைத்ததை நான் பார்த்தேன். கட்டைவிரலால் அந்தப் பேரை ஒருமுறை தடவினான். விருமாண்டி அடுத்த டம்ளருக்குக் குனிந்தபோது அவர் கையிலிருந்த மைக்கைப் பிடித்து நிறுத்தினான்.

"இது என்னுது இல்ல. என் தங்கச்சிது."

அவன் என்னைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்துத்தான் பேசினான்.

"தாமரை, எடுத்துக்கிட்டுப் பந்திக்கு வா. வீட்டாளுக இன்னும் சாப்பிடல."

வீட்டு ஆட்கள் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்கள். விருந்தாளிகளோடு முதல் பந்தியில் பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, மோரும் குடித்துவிட்டு வந்திருந்தேன். வயிற்றில் ஒரு பருக்கைக்கு இடமில்லை. அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது. பொன்னாடையை முத்திருளன் மடியில் போட்டுவிட்டு எழுந்து போய், அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு, மதினிக்கும் கனகலட்சுமிக்கும் நடுவில் இலை போட்டு உட்கார்ந்தேன். அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு அவனே பரிமாற வந்தான். போதும் அண்ணே என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் வைக்க வைக்கச் சாப்பிட்டேன்.